மங்கலான படத்துக்கு இரண்டு கட்டம்

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை. காற்றே இல்லை, தகரத்தின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. தொடங்கி அன்று ஐந்தாவது நாள்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்குக் கீழே மலை சரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. லொறியிலிருந்து சல்லிக்கல் கொட்டுவதுபோல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. வாயில் டூத்பிரஷ்ஷோடு வெளியே வந்த மகள், "என்னாப்பா அது?" என்றாள்.

"பெக்டரிக்கு வெறகு எறக்குறாங்க போல" என்றேன்.

ஏழு மணிக்குக் குடையோடு இறங்கிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து ரோடு, நோட்டன் பிரிட்ஜ் ரோட்டில் போய்ச் சேருவதற்கு முன்னால் ஓர் ஓடையைத் தாண்டும். அங்கே ரோடும் இல்லை, ஓடைமேல் இருந்த பாலமும் இல்லை. அறுபது அடி நீளத்துக்குச் சிவப்பு மண். மேலே நின்ற தேயிலைச் செடிகள் ஒன்றுகூடச் சாயாமல், யாரோ பெயர்த்து நட்டதுபோல் கீழே நின்றன. அக்கரையில் ஒரு பொலிஸ்காரர் இரண்டு கையையும் ஆட்டி, "யன்ன எபா, மாத்தயா! யன்ன எபா!" என்று கத்தினார். போகாதே என்கிறார். போக எனக்கும் ஆசையில்லை. மண் இன்னும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

வேறு வழி கிடையாது. எங்கள் டிவிஷன் ஒரு மலையின் முதுகில் இருக்கிறது; தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயங்கள், ஒரு கோவில், என் வீடு. மேலே காடு. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து மண்ணைப் பரிசோதித்துச் சொல்லும்வரை யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்று கிராம சேவகர் போனில் சொன்னார். எப்போது வருவார்கள் என்று கேட்டேன். "மழ விட்டா" என்றார்.

என் மகளுக்கு வியாழக்கிழமை இரவு விமானம்.

அவள் எனக்கு ஒரே பிள்ளை. இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்து, ஆய்வேட்டைக் கொடுத்து, நேர்முகத் தேர்வும் முடித்திருந்தாள். என் மனைவியின் முதலாம் வருடத் திதிக்காகப் பன்னிரண்டு நாள் லீவில் வந்தவள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் பேசி வைத்திருந்தார்கள். ஜூலை முதலாம் தேதி சேர வேண்டும். ஆனால் பட்டம் உறுதியானால்தான் வேலை. பட்டம் உறுதியாக, தேர்வாளர்கள் சொன்ன ஒரே ஒரு திருத்தத்தை ஜூன் 20-க்குள் அனுப்ப வேண்டும்.

திருத்தம் இதுதான். எலியின் மூளையில் வலிப்பு அலை எவ்வளவு தூரம் பரவுகிறது என்று நானூற்று எண்பது படங்களில் அவளே அளந்திருந்தாள். ஒரு மருந்து அந்த அலையைக் குறைக்கிறதா என்பதுதான் கேள்வி. எது மருந்துக்கு முந்திய படம், எது பிந்திய படம் என்று தெரிந்துகொண்டே அவள் அளந்ததைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. எது எதுவென்று தெரியாத வேறொருவர் முதலிலிருந்து அளக்க வேண்டும் என்றார்கள். அவளோடு வேலை செய்யும் ஒரு பெண் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் சரிசெய்து முடித்த படங்கள் மகள் கொண்டுவந்த லெப்டொப்புக்குள்தான் இருந்தன. எங்கள் மலையில் போனுக்குச் சிக்னலே ஒரு கோடு, அதுவும் கோவில் மேட்டில் ஏறி நின்றால். எண்களை அனுப்பலாம். படங்களை அனுப்ப முடியாது.

புதன்கிழமை கோவில் மேட்டில் நின்று அவள் தன் பேராசிரியரோடு நெடுநேரம் பேசினாள். நனைந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு ஆள் வேணும். ஆராய்ச்சி தெரியாத ஆளா இருக்கணும். பொறுமையா எண்ணத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

"லயத்துல பசங்க இருக்கானுங்க."

"வெளாடாதீங்கப்பா. நீங்க ஒரு பிஸ்கட் பெக்கட்ட தொறந்தாலே எண்ணித்தான் தின்னுவீங்க."

எனக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் இதே தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவள் தேவைக்கு மேல் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். எலியின் மூளையைப் பாக்குச் சீவுவதுபோல் சீவுகிறார்கள். ஒரு சீவல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. உப்புத் தண்ணீரில் போட்டு, பிராணவாயுவைக் குமிழியிட விட்டால் அது சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அதில் ஒரு ரோஸ் நிறச் சாயத்தை ஊற்றுகிறார்கள். சாயம் ஒவ்வொரு உயிரணுவின் மேல் தோலிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே மின்சாரம் மாறும்போது சாயத்தின் ஒளியும் மாறும்.

"எவ்வளவு மாறும்?"

"நூத்துல ஒரு பங்குகூட இருக்காது."

"நூத்துல ஒரு பங்கு இல்லாதத பாக்கவா நாலு வருஷம்?"

"அதனாலதாம்ப்பா நாலு வருஷம்."

ஒரு வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் படம் பிடிக்கும் கெமரா அந்த மாற்றத்தைப் பிடிக்கிறது. கம்ப்யூட்டர் அதற்கு நிறம் கொடுக்கிறது. சும்மா இருக்கும் இடம் நீலம், மின்சாரம் ஓடும் இடம் மஞ்சள். கண் இமைக்கும் நேரத்தில் நடந்ததைப் பத்து வினாடிக்கு இழுத்துக் காட்டினாள். இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றி, விரிந்து, வலப்பக்கமாகப் போய் அடங்கியது. படங்களின் வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றின்மேலும் சதுரக் கட்டங்கள் போட்டிருந்தாள். மஞ்சள் எத்தனை கட்டத்தைத் தொட்டது என்று எண்ணி எழுதுவதுதான் என் வேலை.

"பாதி கட்டம் மஞ்சளானா?"

"பாதிக்கு மேலன்னா ஒண்ணு. கொறைவுன்னா இல்ல."

"சில படம் மங்கலா இருக்கே, பனி மூடின மாதிரி?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா எண்ணுங்க. தெரியலைன்னா விட்டுருங்க."

"ஏன் மங்கலா இருக்கு?"

"அத மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

வியாழக்கிழமை, அவளுடைய விமானம் அவள் இல்லாமல் போன அன்று, நான் தொடங்கினேன். என் அறையின் ஜன்னலில் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டோம், திரையில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க. கதவைச் சாத்த வேண்டும். நான் எண்ணும்போது அவள் உள்ளே வரக்கூடாது. அவள் முகத்தைப் பார்த்து நான் எதையாவது ஊகித்துவிடலாம் என்பதற்காக. அவள் குசினியில் இருந்தாள். வீட்டில் இருப்பது இரண்டே அறையும் குசினியும். நான் இருமினால் அவளுக்குக் கேட்கும், அவள் தேங்காய் துருவினால் எனக்குக் கேட்கும். ஆனாலும் பகல் முழுக்கப் பேச்சு கிடையாது. கதவைத் தட்டுவாள், தேத்தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் தொற்றுநோய்க்காரனை வைத்திருப்பதுபோல் இருந்தேன்.

மின்சாரம் வந்து வந்து போனது. காலடியில் அணைக்கட்டும் மின் நிலையமும், நாங்கள் குப்பி லாம்பில். வரும்போது எண்ணினேன், போனபோது இருட்டில் உட்கார்ந்து மழையைக் கேட்டேன். கண்ணை மூடினால் மஞ்சள் புள்ளி இடப்பக்கக் கீழ் மூலையிலிருந்து கிளம்பியது.

என் மனைவிக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் வலிப்பு தொடங்கியது. வரும்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, நிற்கும்வரை வினாடிகளை எண்ணுவேன். அதைக் கண்டி ஆஸ்பத்திரி டொக்டரிடம் சொல்வேன், அவரும் எழுதிக்கொள்வார். போன வருடம் குளியலறையில் விழுந்தபோது எண்ண நான் பக்கத்தில் இல்லை. அம்மாவுக்காகத்தான் மகள் இந்தப் படிப்பை எடுத்தாளா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்த அறையில், மின்சாரம் இல்லாத நேரங்களில், கதவைத் திறந்து கேட்டுவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். கதவைத் திறக்கத்தான் கூடாதே.

திங்கட்கிழமை, 16-ஆம் தேதி, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று முடிந்திருந்தது. இன்னும் எண்பத்தொன்பது. அடுத்த நாள் முடித்துவிட்டால், மூன்று நாள் மிச்சம் இருக்க எண்களை அனுப்பிவிடலாம். அன்று பகல் மேல் லயத்தில் இருக்கும் அம்மா ஒரு சட்டியில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்தாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். என்னைவிட இரண்டு வயது குறைவு, வாய் மட்டும் இருபது வயது இளமை. மகளின் விதி அவளுக்குத் தெரியாது. நேரே என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். நான் கவனிக்கவில்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பதினெட்டு, பத்தொம்பது. மங்கல். ரெண்டு போக பதினேழு."

சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"யாரு கொழுந்துங்கய்யா அது? இன்னமும் கழிச்சிக்கிட்டா இருக்கீங்க?"

"கொழுந்து இல்ல. எலியோட மூளை. நீ சட்டிய அங்க வச்சிட்டுப் போ."

"எலிக்குமா கழிவு? பாவமுங்க! என் கொழுந்துல நீங்க கழிச்சத சேத்து வச்சிருந்தா நான் ஒரு பஸ்ஸே வாங்கி ஓட்டியிருப்பேன்."

"ஈரக் கொழுந்துன்னா கழிக்கத்தான் வேணும். தொர சொன்ன கணக்கு அது."

"ஈரத்துக்கு நாலு கிலோன்னு தொர சொன்னாரு. மழை இல்லாத நாள்ல பனிக்கு ரெண்டு கிலோ கழிச்சீங்களே, அது யாரு சொன்ன கணக்கு?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்கள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டு வருவார்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் நிற்பேன். முள் காட்டுவது ஒன்று, நான் எழுதுவது வேறொன்று. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துத்தான் எழுதுவேன். இலை மினுமினுப்பாக இருந்தால், தொட்டே பார்க்காமல் கழிப்பேன். அதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. தராசைப் பார்ப்பது, கழிப்பது, எழுதுவது மூன்றும் சேர்ந்துதான் எண்ணுவது என்றிருந்தது எனக்கு.

மகள் வாசலில் வந்து நின்றாள். ஐந்து நாளில் நான் எண்ணும்போது அந்த அறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

"என்னாப்பா கழிச்சீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. மங்கலா இருக்குற படத்துக்கு ரெண்டு கட்டம். ஓரமெல்லாம் சரியா தெரியல. சும்மா கூட்டி எழுதக்கூடாதுல்ல?"

"எத்தன படத்துக்கு?"

எனக்கு அது தெரியவில்லை. எதையும் எண்ணாமல் விட்டதில்லை நான்; இதை எண்ணவில்லை. எது மங்கல் என்றும் குறிக்கவில்லை. கண்ணுக்குப் பட்டபோது கழித்தேன், அவ்வளவுதான். பாதிக்கு இருக்கலாம் என்றேன்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைத் துடைத்தாள். மேல் லயத்து அம்மா சட்டியோடு அப்படியே நின்றாள்.

"அம்மாவ நெனச்சிக்கிட்டா கொறைச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் மகள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்த வழி அது.

"இல்லம்மா. கைப் பழக்கம்."

அப்போதுதான் அவள் மங்கலின் காரணத்தைச் சொன்னாள். அந்தச் சாயத்தைப் பார்க்க வேண்டுமானால் அதன்மேல் வெளிச்சம் பாய்ச்ச வேண்டும். வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாயம் வெளுத்துப்போகும். உயிரணுக்களையும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். அதனால் ஒவ்வொரு சீவலிலும் கடைசியில் எடுத்த படங்கள்தான் மங்கல்.

"மருந்து எப்பவும் கடைசியிலதாம்ப்பா ஊத்துவோம். முதல்ல மருந்து இல்லாம பாக்கணும், அப்புறம் ஊத்தி பாக்கணும். நீங்க கழிச்சதெல்லாம் மருந்து பக்கத்துலதான் விழுந்திருக்கும்."

"அப்ப?"

"அப்ப மருந்து பிரமாதமா வேல செஞ்ச மாதிரி வரும்."

"நல்லதுதானே!" என்றாள் மேல் லயத்து அம்மா.

நானும் அதைத்தான் நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, சொன்னேன். ஜூலை முதலாம் தேதி வேலை. நான்காம் நாள் கெடு. அக்கரைக்குப் போக வழியில்லை. எண்பத்தொன்பதை முடித்து அனுப்பிவிடு, இந்த மலையில் நடந்தது அந்தத் தேர்வாளர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது என்றேன். என் குரல் உயர்ந்தது. "நீ அந்த வேலைக்குப் போகாட்டி இங்க வந்து என்னா செய்யப் போற? கொழுந்து பறிக்கவா?"

"ஐயா!" என்றாள் மேல் லயத்து அம்மா. நாற்பது வருடம் பறித்தவள் எதிரில் நிற்பதை நான் மறந்துவிட்டேன்.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அந்த மருந்த நாளைக்கு யாருக்காவது குடுப்பாங்கப்பா" என்றாள், அவ்வளவுதான்.

"சரி, முதல்லயிருந்து திரும்ப எண்ணுறேன். கழிக்காம எண்ணுறேன். ராவும் பகலும் இருந்து முடிக்கிறேன்."

"முடியாதுப்பா. எது மருந்து படம்னு இப்ப உங்களுக்குத் தெரியும். நாந்தானே சொன்னேன்."

"அப்ப இவ எண்ணட்டும்."

மேல் லயத்து அம்மா இரண்டு கையையும் விரித்தாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க பாப்பா. ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் நின்னேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். லயத்தில் வேறு யாரையாவது கூட்டிவந்து பழக்கி, நானூற்று எண்பதையும் முடிக்க ஆறு நாளாவது வேண்டும். கெடுவுக்கு நான்கு நாள்தான் இருந்தது, மின்சாரமோ அரை நாள்தான். நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். எப்படி வகுத்தாலும் வரவில்லை.

மாலை நான்கு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு அவள் கோவில் மேட்டுக்கு ஏறினாள். கம்பளியைக் கழற்றிவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். போனை மேலே தூக்கிப் பிடித்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். மேகம் இறங்கி வந்து அவளை மறைத்தது, விலகியது, மறுபடியும் மறைத்தது. திரும்பி வந்தபோது ஆறு மணி. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன் என்றாள். என்னைப் பற்றி என்ன எழுதினாய் என்று கேட்டேன். "எண்ணியவர் விதிமுறையிலிருந்து விலகினார்" என்று எழுதினாளாம். என் பெயரைப் போடவில்லை என்றாள்.

அதற்குப் பிறகும் ஆறு நாள் அந்த வீட்டில் இருந்தோம். கதவு திறந்தே கிடந்தது, யார் வேண்டுமானாலும் பேசலாம். மரவள்ளிக்கிழங்கு அவிந்திருக்கிறதா, தண்ணீர் சுட்டதா என்றுதான் பேசினோம். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் வாசலில் உட்கார்ந்து, அக்கரையில் வந்துபோகும் வாகனங்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவேன்.

22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மண்ணைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மரப் பலகை போட்டு ஓர் ஒற்றையடிப் பாதை திறந்தார்கள். லயத்துப் பையன் ஒருவன் அவளுடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். அக்கரை ஏறியதும் திரும்பிப் பார்த்து, "பிரஷர் மாத்திரைய எண்ணிப் போடுங்கப்பா, கழிக்காம!" என்று கத்தினாள். பொலிஸ்காரர் சிரித்தார். அவருக்கு என்ன விளங்கியதோ. நான் கையைக் காட்டினேன். ஹட்டன் போகும் பஸ்ஸில் அவள் ஏறியதை வளைவு மறைத்துவிட்டது.

பல்கலைக்கழகம் இன்னொரு தவணை கொடுத்தது, கட்டணத்தோடு. அந்த வேலையில் ஜூலை முதலாம் தேதி வேறொருவர் சேர்ந்தார். அவளோடு வேலை செய்யும் பெண் ஓகஸ்டில் நானூற்று எண்பதையும் எண்ணி முடித்தாள். மருந்து அலையைக் கொஞ்சம் குறைக்கிறது. மகள் முதலில் எழுதியிருந்ததைவிடக் குறைவாகத்தான் குறைக்கிறது. பட்டம் உறுதியானது. வேலை இன்னும் தேடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். கோவில் மேட்டில் நின்று பேசுவேன். அம்மாவுக்காகத்தான் இதைப் படித்தாயா என்று இன்னும் கேட்கவில்லை.

அவளுடைய உதவித்தொகை மே மாதத்தோடு முடிந்திருந்தது. அதனால் ஹட்டன் வங்கியில் போட்டிருந்த என் நிலையான வைப்பைக் காலத்துக்கு முன்பே உடைத்தேன். தவணைக் கட்டணம், விசா நீட்டிப்பு, புது டிக்கெட், அவள் வாடகை இரண்டு மாதம், முன்கூட்டி உடைத்ததற்கு வங்கி வெட்டிய வட்டி எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து எண்பத்து நான்காயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.